மரத்துப் போனது யாருக்கு?

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிறீர்கள். என்ன கேட்பீர்கள்? 'ஆணா, பொண்ணா? எத்தனை கிலோ? நார்மலா, சிசேரியனா? யார் ஜாடை?' எல்லாம் கேட்டாச்சு. கட்டிலில் கிடக்கிறவளிடம், 'எழுந்து நடக்க முடியுதாம்மா?' என்று எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்?

அவளாகவே சொன்னாலும் நாம் விடுவதில்லை. 'தொடை மரத்த மாதிரியே இருக்கு' என்றால், 'பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்பார் அம்மா. 'படி ஏறினா முட்டி மடங்கிக்குது' என்றால், 'முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதான்' என்பார் மாமியார். சம்பந்திகள் சண்டையில்லாமல் ஒத்துப்போகும் அபூர்வமான விஷயம் இது!

ஊசி மேல் பழியைப் போடுவது எல்லோருக்கும் வசதி. ஆனால், ஊசியால் வருவது ரொம்பக் குறைவு. பெரும்பாலும் பிரசவ நேரத்திலேயே நரம்பு நசுங்குகிறது. குழந்தையின் தலை, இடுப்பெலும்பின் விளிம்போடு சேர்த்து நரம்பை அழுத்தலாம். மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கிப் பிடித்து, 'முக்கும்மா, முக்கு' என்று மணிக்கணக்கில் வைத்திருந்தால், தொடை இடுக்கில் நரம்பு நெரிபடும். தொடை மரப்பதும் முட்டி மடங்குவதும் அதனால்தான். காலைப் பிடித்திருப்பவரின் கையோ, தாங்கும் கம்பியோ முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் அழுத்தினால், பாதத்தைத் தூக்கவே முடியாது. செருப்பு நழுவும். நடந்தால் தடுக்கும்.

2003-ல் சிகாகோ டாக்டர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆறாயிரம் சொச்சம் தாய்மார்களிடம் பிரசவத்துக்கு மறுநாள் போய், கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். சந்தேகம் வந்தவர்களைப் பரிசோதித்தார்கள். 56 பேருக்கு நரம்பு பாதிப்பு உறுதியானது. நூற்றுக்கு 0.92. முதல் பிரசவக்காரர்களுக்கும், முக்கும் நேரம் நீண்டவர்களுக்கும் அதிகம்.

பி.காம். படித்தவனுக்குச் சதவிகிதத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. 2023-ல் தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைகள் எட்டு லட்சத்துக்கும் மேல். சிசேரியன் அதிகமுள்ள நமக்கு சிகாகோ கணக்கு அப்படியே பொருந்தாதுதான். ஒரு பேச்சுக்குப் பொருத்திப் பார்த்தால், ஏழாயிரம் பெண்களைத் தாண்டுகிறது.

'தானா சரியாகிறதுக்கு ஏன் சார் இந்தக் கூப்பாடு?' என்று கேட்கும் டாக்டர்கள் உண்டு. சரியாகும்தான். சிகாகோவில் பாதிப் பேருக்கு இரண்டு மாதத்தில் சரியானது. அந்த இரண்டு மாதமும் அவள் கையில் குழந்தை இருக்கிறது, ஐயா! முட்டி மடங்கினால் விழுவது இரண்டு பேர். பாதம் தொங்குகிறவளுக்குத் தாங்கு பட்டையும் பிசியோதெரபியும் வேண்டும். 'சரியாயிடும்மா' என்று விஷயம் தெரிந்த ஒருவர் சொல்லவும் வேண்டும்.

இன்னொன்று. முதுகில் ஊசி போட்ட பிறகு, விலகிய மரப்பு திரும்பி வந்தாலோ, இரண்டு காலும் வலுவிழந்தாலோ, சிறுநீர் போவதே தெரியாவிட்டாலோ, தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கட்டியிருக்கலாம். அபூர்வம்தான். ஆனால், சில மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் கால் போய்விடும். அங்கேயும் 'பிள்ளை பெத்த உடம்பு' என்பீர்களா?

ஆஸ்பத்திரி பில்லில் பஞ்சு வரை கணக்கு இருக்கிறது. குதிகாலால் நடக்கச் சொல்லி, ஒரு படி ஏறச் சொல்லி, தொடையைத் தொட்டுப் பார்க்க ஆகிற இரண்டு நிமிடத்துக்கு மட்டும், நான் பார்த்த எந்த டிஸ்சார்ஜ் சீட்டிலும் இடமில்லை. நீங்களே கேளுங்கள். பார்த்ததைச் சீட்டில் எழுதியும் வாங்குங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்பது உத்தமம்.