ஊட்டுப்புரையில் ஓர் ஓலை வேண்டும்

நாஞ்சில் என்றால் கலப்பை. நாஞ்சில் நாடு என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் கலப்பையைப் பிடித்த கை யாருடையது என்று மட்டும் பேசுவதில்லை.

பத்மநாபபுரம் அரண்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் கேரளத் தொல்லியல் துறைதான் அதைப் பராமரிக்கிறது. ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு போனோம். பிராமணர்களுக்கு இலவசமாகச் சோறு போட்ட ஊட்டுப்புரை. ஆயிரம் பேர் பந்தியில் உட்காரலாம். பெரிய பெரிய ஊறுகாய்ப் பரணிகள். "இத்தன பேருக்கும் நெல்லு ஆருப்பா வெதச்சா?" என்றாள் மகள்.

பதில் ஓலைகளில் கிடக்கிறது. அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் ஆள் விற்ற அடிமை ஓலைகளும் உண்டு. பறையரும் புலையரும் திருவிதாங்கூரில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், ஒற்றி வைக்கப்பட்டார்கள். நான் வங்கிக் குமாஸ்தா. நிலமும் நகையும் ஈடாக வருவதை தினமும் பார்க்கிறவன். மனுஷனையே ஈடு வைத்த கணக்கு எனக்குச் செரிக்கவில்லை. 1855இல்தான் அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலை காகிதத்தில் வந்தது. உழுதவன் கைக்கு நிலம் வரவில்லை.

'பழசை எதுக்குக் கிளறணும்?' என்பார்கள். பழசைக் காட்டத்தானே அருங்காட்சியகம்? சோறு தின்ற இடத்தைக் காப்பாற்றலாம், விளைவித்தவனை விற்ற ஓலையைக் காட்டக்கூடாதா?

ஊட்டுப்புரைச் சுவரில் ஓர் அடிமை ஓலையின் நகல் வேண்டும், பிள்ளைகள் வாசிக்கிற எழுத்தில். மாணவத் தோழர்களே, மனு எழுதுங்கள். கையெழுத்து வாங்க நானும் தெருத்தெருவாக வருகிறேன்.