விறகுக் கட்டுக்குச் சிறை. விஷக் கழிவுக்கு அபராதமா?

காட்டையும் வனவிலங்கையும் காக்கச் சட்டம் வேண்டும். ஆறும் காற்றும் கெடாமல் தடுக்கச் சட்டம் வேண்டும். இதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆலைப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் தொழிலாளர்கள். கெட்டுப்போன ஆற்று நீரில் இறங்கி வேலை செய்பவர்கள் விவசாயக் கூலிகள். நாம் கேட்பது ஒன்றே: இந்தச் சட்டங்களின் பிரம்பு யார் முதுகில் விழுகிறது?

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம். 1981-ல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம். 1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயு ஆயிரக்கணக்கான ஏழை மக்களைக் கொன்று குவித்தது. அதன் பிறகே, 1986-ல், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பிணங்களின் மேல் எழுந்த சட்டம் அது! கம்பெனித் தலைவர் ஆண்டர்சனோ கைதான அன்றே ஜாமீனில் விடப்பட்டு நாட்டை விட்டே போய்விட்டார். இந்தியக் கோர்ட்டின் கூண்டில் ஏறாமலே 2014-ல் இறந்தார். இங்கிருந்த அதிகாரிகளுக்கு 2010-ல் கிடைத்தது 2 ஆண்டுத் தண்டனை, உடனே ஜாமீன்.

திருப்பூரைப் பாருங்கள். சாயக் கழிவு நொய்யலில் விடப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுக் குட்டையாயிற்று. வயல் பாழானது, வயலை நம்பிய கூலிக்கு வேலை போனது. 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்போது தெருவில் நின்றவன் யார்? கழிவை விட்ட முதலாளியா? இல்லை, பட்டறைத் தொழிலாளி! ஆற்றைக் கெடுத்து லாபம் ஒருவனுக்கு. இருமுறை தண்டனை நமக்கு.

இருந்த சட்டத்தையும் இப்போது பல் பிடுங்கிவிட்டார்கள். 1986-ம் ஆண்டுச் சட்டத்தை மீறினால் 5 ஆண்டு வரை சிறை என்றிருந்தது. 2023-ல் பா.ஜ.க. சர்க்கார் "ஜன் விஸ்வாஸ்" என்ற பெயரில் அதை 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதமாக மாற்றியது. அதைக் கட்டாவிட்டால்தான் சிறைப் பேச்சு. கோடிகளில் புரளும் ஆலை அதிபருக்கு 15 லட்சம் என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிச் செலவு!

காட்டுப் பக்கம் திரும்புங்கள். சரணாலயத்தில் அனுமதியின்றி விறகு பொறுக்கினாலும் ஆதிவாசிக்கு இன்றும் சிறை காத்திருக்கிறது. சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி 1992 ஜூனில் வாச்சாத்திக்குள் புகுந்த வனத்துறையும் போலீசும் செய்த கொடுமையை நாடறியும். 215 பேரைக் கோர்ட் தண்டிக்க 2011 வரை போராட வேண்டியிருந்தது. காட்டில் தலைமுறையாக வாழ்ந்தவனுக்கு உரிமை உண்டு என்று 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்ததும் போராட்டத்தால்தான்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. விஷம் கக்கும் முதலாளிக்குச் சிறைத் தண்டனை மீண்டும் வேண்டும். கழிவால் ஆலை மூடப்பட்டால் தொழிலாளிக்கு முழுச் சம்பளத்தை முதலாளியே தர வேண்டும். மாசு பரிசோதனையில் தொழிற்சங்கமும் விவசாயச் சங்கமும் உடனிருக்க வேண்டும். வன உரிமைப் பட்டாக்கள் தாமதமின்றி வழங்கப்பட வேண்டும்.

தோழர்களே! ஆறு முதலாளியின் சாக்கடை அல்ல; காடு அதிகாரியின் ஜமீன் அல்ல. ஆலைவாசலிலும் வயல்வரப்பிலும் இதைப் பேசுங்கள். சங்கத்தில் திரளுங்கள். சட்டத்தின் பிரம்பை உரிய முதுகுப் பக்கம் திருப்புவோம்!