சோதிக்காமல் ஒரு தீர்ப்பு

ஒருநாள் இயங்கி மறுநாள் முரண்டு பிடிக்கும் மடிக்கணினியைக் கண்டதும், மூடியைக்கூடத் திறவாமல், "மதர்போர்ட் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று கைவிரிக்கும் வழக்கம் நமது திருத்தகங்கள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். 2022 நெருக்கடியில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குத் தாவியது. பழைய விலைக்கு அது திரும்பவேயில்லை. இந்நிலையில் "புதிது வாங்குங்கள்" என்பது ஒரு வாப்பாவின் வேளாண்மைக் காசில் கைவைக்கும் சொல்.

ஒலுவிலைப் பாருங்கள். கடலோரத்தில் துறைமுகம்; அதே ஊரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். உப்பும் ஈரமும் கலந்த காற்று உலோக முனைகளை மெல்ல அரிக்கும். ரேம் எனப்படும் நினைவகத் தகட்டின் முனைகளில் படலம் படிந்தால், தொடர்பு சிலவேளை கிடைக்கும், சிலவேளை அறும். விசிறி சுழலும், திரை மட்டும் இருண்டு கிடக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, மின்கலத்தைக் கழற்றி, அம்முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து மீளப் பொருத்த எவ்வளவு நேரம் வேண்டும்?

விளக்கே எரியவில்லையா? மின்கலத்தையும் சார்ஜரையும் நீக்கி, ஆளியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மட்டும் இணைத்துப் பாருங்கள். பிறகு அதே அளவு மின்னழுத்தமுள்ள வேறொரு சார்ஜர். நிறுவனச் சின்னம் தோன்றியபின் நின்றுவிடுகிறதா? வன்தட்டைச் சந்தேகியுங்கள், முதலில் கோப்புகளைப் பிரதி எடுங்கள். திகதி அடிக்கடி பின்னோக்கிப் போகிறதா? உள்ளிருக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கலாம். இத்தனையும் பார்த்தபின்பே மதர்போர்ட்டைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது நியாயம்.

திருத்துபவரின் நேரத்துக்கும் விலை உண்டே என்பீர்கள். உண்டு. சோதனைக்குக் கட்டணம் கேட்கட்டும், மனமுவந்து கொடுப்போம். சோதிக்காத தீர்ப்புக்கு ஒரு சதமும் கொடுக்கலாகாது. உற்பத்தியாளர்களும் உத்தமர்கள் அல்லர்: மெல்லிய கணினிகள் பலவற்றில் ரேமைக் கழற்றவே முடியாதபடி ஒட்டிவிடுகிறார்கள். ஒரு கருவியை எவ்வளவு எளிதாகத் திருத்தலாம் என்பதற்குப் புள்ளியிட்டு, அதை விற்பனையிடத்தில் காட்ட வேண்டுமென்ற சட்டம் பிரான்ஸில் 2021இல் நடைமுறைக்கு வந்தது. மடிக்கணினியும் அதில் அடக்கம். நாம் வாங்கும்போது அந்தக் கேள்வியையாவது கேட்கிறோமா?

காரணம் தேடாத வைத்தியத்தின் பலனை ஒலுவில் மக்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2013இல் திறந்த துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது; அள்ளினார்கள்; மீண்டும் அடைத்தது. கரையோர மணலோட்டத்தை மறித்த அலைதடுப்புகள் அப்படியே நின்றன. வடக்கே கரை கடலுக்குள் போனது.

ஆகவே அடுத்தமுறை "மதர்போர்ட்" என்று எவரேனும் சொன்னால், ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எதைச் சோதித்துவிட்டுச் சொல்கிறீர்கள்?"