ஆளில்லா மாளிகை

மக்கள் குடியிருந்தால் மாளிகைக்கு மதிப்பு. அவர் அகன்றால் அது பாழ் என்பது உலக வழக்கு. இவ்வழக்கிற்கு மாறாக நிற்பதோர் மாளிகை அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நடுவே உளது. அதன் பெயர் ‘ஒன் வில்ஷயர்’. பெயர்தான் வில்ஷயர் வீதிக்குரியது. முகவரியோ கிராண்ட் அவென்யூவைச் சேர்ந்தது!

ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்டு மெரில் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த இம்மாளிகை, 1966-ஆம் ஆண்டில் 30 அடுக்குகளோடு எழுந்தது. வழக்கறிஞரும் வணிகரும் ஆங்கே குடிபுகுந்தனர். அழகிற் சிறந்ததென்று இதனைக் கூறுதல் அரிது.

பின்னர் நேர்ந்ததே கருதற்பாலது. அந்நாட்டில் தொலைபேசித் தொழில் நெடுங்காலம் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. 1984-இல் அந்நிறுவனம் கூறுபடுத்தப்பட்டது. புதிதாய்ப் போட்டியிட்ட எம்.சி.ஐ. கம்பெனியார், பழைய கம்பெனியின் இணைப்பு நிலையத்தில் இடம் பெறாராகி, அதற்கு அணித்தாய் ஓங்கி நின்ற இம்மாளிகையின் உச்சியில் நுண்ணலைக் கருவிகளை நாட்டினர். ஒருவர் வந்தமையால் மற்றொருவர் வந்தார். கண்ணாடி இழைகளும் வந்தன. நான்காம் அடுக்கில் ‘சந்திப்பறை’ ஒன்று அமைந்தது. ஒரு கம்பெனியின் இழையை மற்றொன்றன் இழையோடு அங்கே நேரே பிணைத்துவிடலாம்; இடைத்தரகர் வேண்டா. பசிபிக் மாகடலின் அடியே ஆசியாவிற்கு ஓடும் செய்திகளும் அங்குக் கைமாறுகின்றன. பாபேல் கோபுரத்தில் மொழிகள் சிதறின. இக்கோபுரத்திலோ சிதறிய மொழிகள் ஒரு கூரைக்கீழ் நெருங்குகின்றன.

எழுதுமேசைகள் இருந்த அடுக்குகளிற் பெரும்பாலன இன்று இயந்திரங்களுக்கும், அவற்றைக் குளிர்விக்கும் பொறிகளுக்கும் உரியவாயின. 2013-இல் இம்மாளிகை 43 கோடியே 75 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

மனிதரை அகற்றி இயந்திரத்தைக் குடிவைத்தனரே என்று சிலர் இரங்குவர். யான் இரங்கேன், குமாஸ்தாக்களுக்கு வேறு மாடி கிடைக்கும். என் ஐயம் வேறு. செய்திகள் ‘மேக’த்தில் உலவுகின்றன என்று நாம் பேசுகின்றோம். மேகத்திற்குக் கிரயப் பத்திரம் உண்டோ? இம்மாளிகைக்கு உண்டு. நிலநடுக்கம் பழகிய நகரில், தனியார் உடைமையாகிய ஒரு வீட்டுள் இத்துணைச் செய்தியும் புகுந்து செல்கின்றது. ஒரு கம்பெனி இடம் மறுத்தமையாலன்றோ இவ்வீடு பெருமையெய்தியது! நாளை இவ்வீட்டார் ஒருவர்க்கு இடம் மறுப்பரேல், அவர் எவ்வுச்சியைத் தேடிச் செல்வர்?

ஊர்க்குளத்தில் நீர்முகக்க யாவர்க்கும் உரிமை வகுத்தல் போல, இத்தகைய அறையில் யாவர்க்கும் ஒப்ப இடந்தருதல் கடமையென்று சட்டம் வகுத்தல் வேண்டும். இன்று அவ்வறை பற்பல கம்பெனிகட்கும் பொதுவாயிருத்தல் உண்மையே. ஆயினும் உடையவர் அதனைத் தம் இலாபங் கருதிச் செய்கின்றனரேயன்றிக் கடமையெனக் கருதிச் செய்கின்றாரல்லர்.