அண்டா பக்கத்துல இன்னொரு ஆள் நிக்கணும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. யாரையும் குறை சொல்ல எழுதல. குறை சொல்லணும்னா முதல்ல என்னையே சொல்லணும்.

போன பங்குனி உத்திரத்துக்கு வந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். இருபது வருஷமா நம்ம அன்னதானச் சமையலைப் பார்த்துக்கிட்ட அண்ணன், திருவிழாவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது ஆஸ்பத்திரியில சேர்ந்துட்டார். அடுப்பு இருக்கு, அண்டா இருக்கு, அரிசி மூட்டை இருக்கு, வேலை செய்ய பத்துப் பதினைஞ்சு பேரும் இருக்கோம். ஆனா அறுநூறு பேருக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எத்தனை மணிக்கு உலை வைக்கணும்னு சொல்ல ஆள் இல்லை. சோறு பாதி குழைஞ்சு போச்சு, பாதி வேகவே இல்லை. சாம்பார் தண்ணியா ஓடுச்சு. பூசை முடிஞ்சு ஒரு மணி நேரம் சனங்க வரிசையில நின்னாங்க. கைக்குழந்தையோட வந்த ஒரு அம்மா சாப்பிடாமலே கிளம்பிட்டாங்க. அன்னதானம்னு கூப்பிட்டு பசியோட அனுப்பினது எனக்கு இன்னும் உறுத்துது.

“அண்ணன் இல்லாததால இப்படி ஆச்சு”ன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் அப்படி நினைக்கல. அண்ணன் நல்லா இருந்த இருபது வருஷமும் அவர் பக்கத்துல இன்னொரு ஆளை நாம நிறுத்தாததால ஆச்சு.

நான் பிறையில ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில சூப்பர்வைசர். எஸ்.பி.எம். முடிச்ச கையோட ஆபரேட்டரா சேர்ந்தவன். எனக்கு வேலை கத்துக் கொடுத்தது பக்கத்து மிஷின்ல நின்ன மலாய்க்கார அக்கா. மிஷின் சத்தம் மாறினா என்ன அர்த்தம்னு எந்தப் புத்தகத்துல இருக்கு? ஜப்பான்ல 1962-லேயே இதுக்கு க்யூ.சி. சர்க்கிள்னு பேர் வெச்சு ஆரம்பிச்சாங்க. 1982-ல மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கையைக் கொண்டு வந்த பிறகு நம்ம நாட்டுலயும் அது பரவுச்சு. விஷயம் சின்னதுதான். ஒரே வேலை செய்யறவங்க ஒன்னா உட்கார்ந்து, அவங்க பிரச்சினையை அவங்களே பேசித் தீர்க்கணும்.

ஒரு தடவை எங்க லைன்ல பொருள் மேல வெள்ளி வெள்ளியா கோடு விழுந்து ரிஜெக்ட் குவிஞ்சது. ஈரமான பிளாஸ்டிக் மணியை உருக்கினா அப்படித்தான் வரும். ஆனா டிரையர் ஒழுங்கா ஓடுது, சூடும் சரியா இருக்கு. எங்களுக்குப் புரியல. மீட்டிங்ல மூலையில உட்கார்ந்திருந்த நேப்பாளத் தம்பி அரைகுறை மலாய்ல சொன்னான், ராத்திரி ஷிஃப்ட்ல அவசரத்துக்கு மூட்டையைப் பிரிச்சு, டிரையர்ல போடாம நேரா மிஷின்ல கொட்டறாங்கன்னு. ஒரு மாசமா பார்த்துக்கிட்டு இருந்திருக்கான். நாங்கதான் அவனைக் கேட்கவே இல்லை.

எங்க லைன் சுவத்துல ஒரு அட்டவணை தொங்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொருத்தர் பேருக்கு நேரா ஒரு வட்டம். இப்பத்தான் கத்துக்கிறவருக்குக் கால் வட்டம். பக்கத்துல ஆள் இருந்தா செய்வார்னா அரை வட்டம். தனியா செய்வார்னா முக்கால். அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிஞ்சாத்தான் முழு வட்டம்.

நம்ம கோயில்ல முக்கால் வட்டம் நிறைய பேர் இருக்கோம். நானும் அதுல ஒருத்தன். தைப்பூசத் தண்ணீர் பந்தல் பதினோரு வருஷமா என் பொறுப்பு. ஐஸ் யார்கிட்ட சொல்லணும், ஜெனரேட்டர் யார் தருவாங்க, அனுமதிக்கு எங்க போகணும், எல்லாம் என் போன்லயும் என் மண்டையிலயும் மட்டும்தான் இருக்கு. போன வருஷம் ஒரு தம்பி, “அங்கிள், ஐஸ் எடுக்க நானும் வரட்டுமா?”ன்னு கேட்டான். “நீ கப் அடுக்கு, அது போதும்”னேன். இந்த வருஷம் அவன் வரல. தொழிற்சாலையில வேற யாராவது இப்படிச் செஞ்சிருந்தா நான் கூப்பிட்டுக் கண்டிச்சிருப்பேன். கோயில்ல நானே செஞ்சேன். உண்மையைச் சொல்றேன், எல்லாரும் என்னையே தேடி வந்து கேட்கறது எனக்குப் பிடிச்சிருந்தது.

கோயில் என்ன தொழிற்சாலையான்னு சிலர் கேட்பீங்க. இல்லைதான். அங்க சம்பளத்துக்காகவாவது ஆள் நிற்பான். இங்க மனசு இருந்தாத்தான் வருவான். அதனால இங்கதான் இன்னும் கவனமா இருக்கணும். கூட்டறதும் கழுவறதும் மட்டும் கொடுத்து, தப்பு செஞ்சா எல்லார் முன்னாடியும் திட்டினா எந்தப் பிள்ளை திரும்பி வரும்?

நிர்வாகத்துக்கும் நமக்கும் மூணு விஷயம் சொல்றேன். ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு பேர் இருக்கணும், அதுல ஒருத்தர் இளையவரா இருக்கணும். அளவு, போன் நம்பர், நேரம் எல்லாம் நோட்டுல எழுதி ஸ்டோர்ல வைக்கணும். திருவிழா முடிஞ்ச வாரம் அரை மணி நேரம் எல்லாரும் உட்கார்ந்து பேசணும், வயசுல சின்னவங்க முதல்ல பேசணும், பெரியவங்க குறுக்க பேசக்கூடாது.

போன வாரம் அண்ணனை வீட்டுல போய் பார்த்தேன். இப்ப பரவாயில்லை, ஆனா இனி அண்டா தூக்க முடியாது. பத்து பேருக்கு ஒரு கிலோ அரிசின்னு ஆரம்பிச்சு ஒவ்வொன்னா சொன்னார், நான் எழுதிக்கிட்டேன். “ஏண்ணே இத்தனை வருஷமா சொல்லல?”ன்னு கேட்டேன். “யாருப்பா கேட்டீங்க?”ன்னார்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலை பூசைக்குப் பிறகு அண்ணன் சமையல்கட்டுல நாற்காலி போட்டு உட்காருவார். அவர் சொல்லச் சொல்ல நாம சமைப்போம். பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. கப் அடுக்கின அந்தத் தம்பியை நானே வீட்டுக்குப் போய் கூப்பிடப் போறேன்.

முருகா சரணம்.