குளக்கரையில் இரண்டு கொட்டில்கள்

கொச்சிக்கடை இளைஞர்கள் சிலர் வில்பத்துக் காட்டில் ஓரிரவு கூடாரமடித்துத் தங்கிவிட்டு வந்தனர். மழைநீர் தேங்கிநிற்கும் வில்லு ஒன்றின் அருகே, திணைக்களத்தின் அனுமதியோடு. மின்சாரம் இல்லை, குழாய்நீர் இல்லை. “சொர்க்கம் ஃபாதர்” என்றார்கள். ஒடுங்கிய சந்துகளில் வளர்ந்த பிள்ளைகள் தவளைச் சத்தத்தில் உறங்கியது எமக்கும் மகிழ்ச்சியே.

ஆயினும் அதே காட்டின் வடக்கு எல்லையில், மோதரகம் ஆற்றுக்கு அப்பால், முள்ளிக்குளம் இருக்கிறது. 2007இல் யுத்தத்தின்போது அவ்வூர் மக்கள் வெளியேற்றப்பட்டனர். பின்னர் கடற்படை முகாம் அமைந்தது. 2012இல் திரும்பிவந்த குடும்பங்கள் ஊருக்குள் போகமுடியாமல் அயலிலுள்ள மலங்காட்டில் மரங்களின் கீழ்க் கொட்டில் போட்டன. அங்கும் மின்சாரம் இல்லை, குழாய்நீர் இல்லை. அதை யாரும் சொர்க்கம் என்று சொல்லவில்லை. நீண்ட போராட்டத்தின் பின், 2017 ஏப்ரலில்தான், 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களின் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் 2012இல் வர்த்தமானி மூலம் ஒதுக்குக் காடாக்கப்பட்டன. இருபது வருடம் மண்வெட்டி படாத காணியில் பற்றை மூடும், மரம் நிற்கும். மேலிருந்து எடுத்த படத்தில் அது காடுதான்.

நாம் காட்டுக்கு எதிரிகள் அல்லர். மேலே காடு அழிந்தால் கீழே குளம் மண்ணால் தூர்ந்துபோகும் என்பதை விவசாயிக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. நாம் கேட்பது வேறு. காடாய்ப் பிறந்த காடும், ஆளில்லாமல் காடாய்ப்போன வயலும் ஒன்றல்ல. பற்றைக்குள் குளக்கட்டு கிடக்கும், வாய்க்கால் தடம் தெரியும், கட்டுக்கிணறு இருக்கும். வளவில் வைத்த புளியும் தென்னையும் சாட்சி சொல்லும். அளக்க வருபவர்கள் இவற்றைக் கண்ணால் பார்த்தபின் கோடு கீறட்டும்.

இதை வாசிக்கும் குடும்பங்களே, உறுதியும் பேர்மிற்றும் தொலைந்திருக்கலாம். குளத்தின் பெயர், அயற்காணிக்காரர், எல்லை மரம், யார் எந்த மதகில் நீர் பாய்ச்சினார்கள் என்பவற்றை மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கிராம அலுவலரிடம் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். வாய்ப்பேச்சு கச்சேரியில் எடுபடாது.

நம் இளைஞர்கள் மறுபடியும் காட்டுக்குப் போகிறார்களாம். இம்முறை முள்ளிக்குளத்துப் பெரியவர் ஒருவரையும் அழைத்துப்போகச் சொல்லியிருக்கிறோம். கூடாரமடிக்க அவருக்கு ஒருவரும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.