முன்னர்ப் பாசி, பின்னர்த் தவளை

கண்ணாடிப் பேழையொன்றில் மண்ணும் கல்லும் இட்டு, செடி வளர்த்து, அதனுள் தவளையை வாழவிடும் வழக்கம் மேனாடுகளிற் பெரிதும் பரவியுளது. அப்பேழையை விவேரியம் என்பர். அதன் தரையையும் சுவரையும் பசுமையாகப் போர்த்து நிற்பது பாசி. ஈண்டுப் பாசி என்றது குளத்துநீரில் மிதப்பதனையன்று. மழைக்காலத்தில் மதிலிலும் பாறையிலும் மரப்பட்டையிலும் பட்டுப்போற் படரும் நிலப்பாசியையே. தமிழ் இவ்விரண்டனையும் ஒரு சொல்லால் வழங்குதலின் இதனை முதற்கண் தெளிவித்தல் கடனாயிற்று.

இப்பாசியைப் பேழையின் அணிகலன் என்றே பலரும் கருதுகின்றனர். காட்டிலிருந்து பாய்போல் உரித்தெடுத்த பாசியை விலைக்கு வாங்கி விரிப்பர். சில வாரங்களில் அது பழுப்பேறி மடியும். உடனே வாரி எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவர். மெல்ல மெல்லப் பல்லாண்டு வளர்ந்த ஓர் உயிர் ஒரு திங்களின் காட்சிக்காக மடிகின்றது. இவ்வழக்கம் தவறுடைத்தென்பதும், பாசியை வளர்க்கத் தெரியாதான் தவளையை வைத்துக்கொள்ளுதற்கு உரியனல்லன் என்பதும் எமது துணிபு. அதற்குரிய காரணங்களை ஈண்டுக் கூறுவாம்.

பாசிக்கு உண்மையான வேர் இல்லை. வேர்போலத் தோன்றும் நுண்ணிழைகள் அது பற்றிக்கொள்ளுதற்கே பெரும்பான்மையும் பயன்படுவன. நீரை அஃது உண்பது தன் இலைகளாலேயாம். அவ்விலைகளோ பெரும்பாலும் ஒரே உயிரணுவின் கனமே உடையன. ஆதலின் மேலே தெளிக்கும் நீரிற் கலந்துள்ள உப்பும் குளோரினும் தடையின்றி உள்ளே புகும். தவளையின் இயல்பும் இதனோடு ஒத்ததே. அது வாயால் நீர் பருகுவதன்று. அடிவயிற்றின் மெல்லிய தோலால் நீரை உறிஞ்சுகின்றது. மூச்சின் ஒரு பகுதியையும் தோலாலேயே கொள்கின்றது. பாசியைக் கெடுக்கும் நீர் தவளையையும் கெடுக்கக்கூடும். செடிக்கென இடும் உரமும் பூச்சிமருந்தும் இரண்டற்கும் நஞ்சாகும். தவளைக்குத் தன் துன்பத்தைச் சொல்ல வாயில்லை. நிறம் மாறிக் காட்டும் பாசியே அதன்பொருட்டுச் சான்று கூறுவது. மடிந்த பாசியை மறைத்துப் புதியது விரிப்பவன் சான்று கூற வந்தானை வாய் பொத்தி வெளியே தள்ளுகின்றான் அல்லனோ?

இக்கண்ணாடிப் பேழை தோன்றிய வரலாறும் பாசியின் தோல்வியிலிருந்து தொடங்குகின்றது. இலண்டன் மாநகரில் வாழ்ந்த நதானியேல் பாக்சா வார்டு என்னும் மருத்துவர் தம் வீட்டு முற்றத்திற் கல்லடுக்கிப் பெரணியும் பாசியும் வளர்க்க முயன்றார். நகரின் கரிப்புகையால் அவை மடிந்தன. 1829ஆம் ஆண்டில், விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழுவொன்றை ஈரமண்ணிற் புதைத்து மூடிய கண்ணாடிக் கலத்துள் வைத்தபொழுது, அம்மண்ணிற் சிறு பெரணியும் புல்லும் தாமே முளைத்தமை கண்டு வியந்தார். பகலில் ஆவியாக எழுந்த நீர் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணை அடைந்தது. இதனை ஆராய்ந்து 1842இல் ஒரு நூலும் வெளியிட்டார். மாசற்ற காற்றும் மீண்டுவரும் ஈரமுமே அச்செடிகளைக் காத்தன என்பது அவர் கற்ற பாடம். அதே பாடத்தைத்தான் இன்றும் ஒவ்வொருவரும் புதிதாகக் கற்க வேண்டியுளது.

அதனைக் கற்கும் முறை அரிதன்று. பேழையின் அடியிற் கூழாங்கல் பரப்புக. மிகுந்த நீர் அங்கு வடியும். அதன்மேல் உரமிடாத மண் இடுக. ஒரு கைப்பிடிப் பாசியே போதும். அதனை நுணுக்கி அரிந்து தூவி மண்ணோடு ஒட்ட அழுத்துக. பாசியின் சிறு துண்டும் மீண்டும் தளிர்க்கும் ஆற்றலுடையது. மழைநீரை நுண்டுளியாகத் தெளிக்க. ஆயினும் நீர் தேங்க விடற்க. நாடோறும் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் மிதமான ஒளியும், சிறிது காற்றோட்டமும் தருக. குளிர்மலைப் பாசி வெப்பப் பேழையில் நெடுநாள் நில்லாது. வெம்மைக்குப் பழகியதனையே தேர்க. பூஞ்சணம் உண்ணும் சிற்றுயிர்கள் மண்ணில் இருப்பின் அதனை உண்டு தூய்மை செய்யும். பிற்பாடு தவளைக்கு இரையும் ஆகும்.

யாமும் விடுதிச் சுவரிலிருந்து ஒரு சிட்டிகைப் பாசி எடுத்து, தவளையின்றியே ஒரு கண்ணாடிக் குடுவையில் இதனை முயன்று பார்த்தேம். முதன்முறை கிணற்றுநீரைத் தெளித்தேம். இலைமேல் வெண்மையாக உப்புப் படிந்து பாசி கருகிற்று. மறுமுறை மழைநீரைச் சேர்த்துவைத்துத் தெளித்தேம். நெடுநாட் காத்திருந்தபின் பசுந்தளிர் கண்டேம். முதற்குடுவையில் தவளையொன்று இருந்திருப்பின் எமது அறியாமையின் விலையை அதுவன்றோ கொடுத்திருக்கும்!

இது பொழுதுபோக்கினர்க்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணற்க. ஆப்பிரிக்கக் கண்டத்திற் தான்சானியா நாட்டின் உட்சுங்வா மலைப்பகுதியில், கிஹான்சி ஆறு அருவியாக வீழும் பள்ளத்தாக்கில், 1996இல் ஒரு சிறு தேரையினம் கண்டறியப்பட்டது. மூன்று செண்டிமீட்டர் நீளமும் எட்டாத அத்தேரை முட்டையிடாது குட்டி ஈனுவது. அருவியின் சாரல் நனைத்த பாசியும் பூண்டும் படர்ந்த சில ஏக்கர் நிலமே அதற்கு உலகம். மின்னாக்கத்தின்பொருட்டு 2000ஆம் ஆண்டில் ஆற்றுநீரிற் பெரும்பகுதி திருப்பப்பட்டது, சாரல் நின்றது, பசுமை வாடிற்று. அறிஞர்கள் 499 தேரைகளை அமெரிக்க நாட்டு விலங்குச்சாலைக்குக் கொண்டுசென்று பேழைகளில் வளர்த்தனர். இருந்தும் 2004ஆம் ஆண்டின் இறுதியில் வளர்ப்பில் எஞ்சியவை எழுபதுக்கும் குறைவே. 2009இல் இவ்வினம் இயற்கையில் அற்றுப்போயிற்றென அறிவிக்கப்பட்டது. காப்போர் தளராது கற்றுப் பெருக்கியமையால் 2010இல் நூறு தேரைகள் தாய்நாடு சேர்ந்தன. 2012இல் தம் பள்ளத்தாக்கிலும் விடப்பட்டன. அங்கே அருவிச்சாரலுக்கு ஈடாகக் குழாய்களால் நீர் தூவவும் ஏற்பாடு செய்யவேண்டியதாயிற்று. ஈரப்பசுமையை இழந்த தேரைக்கு அதனை மீட்டளித்தல் எத்துணை அரிது என்பதை இவ்வரலாறு காட்டும்.

“செயற்கைப் பசும்பாய் விரித்தால் இத்தொல்லை இல்லையே” என்பார் உளர். அது மடியாது; மடியாமையின் சான்றும் கூறாது. “தவளையை அடைப்பதே பிழையன்றோ?” என்பார்க்கு யாம் பெரிதும் உடன்படுவேம். நம் வயல்களிலும் ஓடைகளிலும் உள்ள தவளை ஆங்கேயே இருக்கட்டும். அதனைப் பிடித்துவந்து அடைத்தல் அன்பாகாது. வளர்ப்பிற் பிறந்தனவற்றைப் பேணுவோரும் பேழையின் கழிநீரை ஓடையிற் கொட்டாதிருப்பாராக. தவளையினங்கள் பலவற்றை அழித்த தோற்பூஞ்சணத்திற்கு 1999இல் அறிஞர் பெயரிட்டு விளக்கம் எழுதியது, விலங்குச்சாலையில் வளர்ந்த தவளையொன்றினின்று அதனைப் பிரித்தெடுத்தேயாம் என்பதை நினைவிற் கொள்க.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திற் புல்பூண்டுகள் மூன்றாம் நாளிலும், நீரில் நீந்துவன ஐந்தாம் நாளிலும், தரையில் ஊர்வன ஆறாம் நாளிலும் தோன்றக் காண்கின்றோம். உயிருக்கு முன்னே அதன் உறைவிடம் ஆயத்தமாயிற்று. படைத்தவர் கொண்ட அம்முறையைப் பேழை அமைப்போரும் கொள்வாராக. மூன்று திங்கள் வெறும் பேழையிற் பாசி வளர்க்க. அது தளிர்ப்பின் தவளையைப்பற்றிச் சிந்திக்க. மடியின், குற்றம் எங்கேயென ஆராய்ந்து மீண்டும் தொடங்குக. அக்காத்திருப்பிற்குப் பொறுமையில்லாதார் பேழையைப் பேழையாகவே விட்டுவிடுதல் நன்று.